செவ்வாய்க்கிழமையில் முடி குறைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பெரும்பாலான சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தலையில் முடி அடர்ந்துவிட்டது என்பது ஒருவருக்குப் புலப்படுவதும் அநேகமாக அந்தச் செவ்வாய்க்கிழமைதான். அதிலும் இரவுச் சாப்பாடு முடிந்து, கை கழுவும் இடத்தில் மாட்டியிருக்கும் கண்ணாடியைச் சும்மா பார்க்கும்போது. நீளத்தில் குறையில்லை. ஆனால் காதுகளுக்கு மேல் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கிறது, பிடரி கனக்கிறது, சீப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் கடை திறந்துவிடும். அதுவரை பொறுக்கக்கூடியவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் வாருங்கள். நீங்கள் செய்யப்போவது முடி வெட்டுவது அல்ல, முடியைக் குறைப்பது. நீளத்தைத் தொடாமல் அடர்த்தியை மட்டும் எடுக்க வேண்டும். சலூனில் தின்னிங் என்பார்கள். “கொஞ்சம் வெயிட் குறைச்சு விடவா சார்?” என்று கேட்டுவிட்டு, பல் வைத்த ஒரு கத்தரியை எடுத்து, இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று மூடித் திறப்பார் அந்த அண்ணன். நாம் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதற்குள் வேலை முடிந்திருக்கும். இதற்குப் போய்க் காசு கொடுக்கிறோமே என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருந்தால், இந்தக் காரியத்துக்கு வேண்டிய முதல் தகுதி உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது தகுதி எதுவும் கிடையாது.

தொடங்கும் முன் வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். அம்மா காதில் விழுந்தால், “செவ்வாக்கிழமையும் அதுவுமா, விளக்கு வெச்சதுக்கப்புறம் தலையில கத்தரி வைக்கறியாடா?” என்பார். பொழுது சாய்ந்த பிறகு கூரான இரும்பைக் காதுப் பக்கம் கொண்டுபோகாதே என்பதில் என்ன மூடநம்பிக்கை இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் நீங்கள் பகுத்தறிவாளர், குளியலறை பல்பின் வெளிச்சம் உங்களுக்குப் போதும். வழுக்கை விழத் தொடங்கிவிட்ட மச்சான் வீட்டில் இருந்தால் அவரிடமும் மூச்சுவிடக் கூடாது. ஊரே சின்ன வெங்காயச் சாற்றையும் கரிசலாங்கண்ணித் தைலத்தையும் தேய்த்துக்கொண்டு, முடி நட்டுவிடும் ஆஸ்பத்திரிகளுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், இருக்கிற முடி அதிகம் என்று ஒருவர் சலித்துக்கொண்டால் அது குடும்பத்துக்குள் பகையாக முடியும்.

மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி உண்டு. தினமும் 50 முதல் 100 வரை தானாகவே உதிரும், வேறு முளைக்கும். இயற்கை இந்த வேலையை யாரையும் கேட்காமல் செய்துவருகிறது. அதன் வேகம் உங்களுக்குப் போதவில்லை.

இனி கருவி. அடுப்படியில் பால் பாக்கெட் முனை வெட்டவும், கருவேப்பிலைக் காம்பு நறுக்கவும், போன தீபாவளிக்குப் பட்டாசுக் கட்டுப் பிரிக்கவும் பயன்பட்ட ஒரு கத்தரி இருக்கும். அதை எடுங்கள். சலூன்காரர் தன் கத்தரியால் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வெட்ட விடமாட்டார். கடைக்குள் ஓடிவரும் பிள்ளை அதைத் தொட்டாலே முகம் மாறிவிடும். முடி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிமன் கொண்டது, ஆனாலும் உறுதியானது. கூர் மழுங்கிய இரண்டு அலகுகளுக்கு நடுவே மாட்டினால் அது வெட்டுப்படாது, மடங்கும். மடங்கி, நசுங்கி, பாதி அறுந்து, பாதி நழுவும். அப்படி அறுந்த முனை சில வாரங்களில் இரண்டாகப் பிளந்துகொள்ளும். நல்ல கத்தரி இருந்தால் பாதிக் கேடு தவிர்ந்துவிடும் என்பதால்தான் பால் பாக்கெட் கத்தரியைச் சொல்கிறேன்.

கொஞ்சம் முன்யோசனை உள்ளவர் என்றால் பல் வைத்த தின்னிங் கத்தரியையே இணையத்தில் வாங்கி வைத்திருப்பீர்கள். ஒரு பக்க அலகு சாதாரணமாக இருக்கும். மறுபக்கம் சீப்பைப்போல் பல் வெட்டியிருக்கும். பல்லின் மேல் விழும் முடி அறும், இடைவெளியில் விழுவது தப்பிக்கும். பல் குறைவாகவும் அகலமாகவும் இருந்தால் கொத்தாக எடுக்கும். பல் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வெட்டிய தடம் தெரியாமல் எடுக்கும். இரண்டு அலகிலும் பல் இருந்தால் இன்னும் குறைவாக எடுக்கும். இத்தனை வகை உண்டு என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்காது. அதன் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

இந்தக் கத்தரியின் ஆபத்து அதன் பணிவில் இருக்கிறது. ஒரு முறை மூடித் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். நாலு மயிர் தோளில் விழும். இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று அதே இடத்தில் மறுபடி மூடுவீர்கள். கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு மூடலுக்கு, பிடித்த முடியில் நூற்றுக்கு 30 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 70. அதே இடத்தில் இரண்டாம் முறை, 49. மூன்றாம் முறை, 34. நான்காம் முறை, 24. நாலு ‘கிரிச்’ சத்தத்தில் முக்கால்வாசி போய்விட்டது. தலையை உதறாமல், சீப்பால் வாராமல் இதைச் செய்தால், அறுந்த முடி முழுவதும் அங்கேயே மற்ற முடிகளோடு சிக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே இன்னும் குறையவே இல்லை என்றுதான் தோன்றும். ஐந்தாம் முறை மூடுவீர்கள். சலூன்காரர் ஒவ்வொரு இரண்டு மூடலுக்கும் ஒருமுறை சீப்பை ஓட்டுவது பொழுதுபோகாமல் அல்ல. நீங்கள் சீப்பை அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் நல்லது.

தலையை நனைக்கலாமா? தாராளமாக. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்துக்கொண்டால் ஒரு தொழிற்களை வந்துவிடும். முடி நனைந்தால் இளகி நீளும், காய்ந்தால் பழைய அளவுக்குச் சுருங்கும். சுருட்டை முடி என்றால் சுருக்கம் இன்னும் அதிகம். ஈரத்தில் படிந்து கிடக்கும் முடியைப் பார்த்து அடர்த்தியை மதிப்பிட முடியாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் வெட்டுவதை எப்படிச் செய்தாலும் குறைப்பதைக் கடைசியில், காய்ந்த தலையில் செய்கிறார்கள். காய்ந்த தலை உள்ளதை உள்ளபடி காட்டும். ஈரத்தலை பொய் சொல்லும், அந்தப் பொய் காலையில் காய்ந்த பிறகுதான் வெளிவரும். இரவே உண்மை தெரிந்து தூக்கம் கெடுவதைவிட இது மேல்.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோல்வியின் பெரும்பகுதி அங்கேதான் உற்பத்தியாகிறது. கண்ணாடி முன்பின்னை மாற்றிக் காட்டும் பொருள். கத்தரியின் நுனியைத் தலையை விட்டு வெளியே இழுப்பதாக நினைத்து உள்ளே செலுத்துவீர்கள். ஷேவ் செய்வதில் பழகிய கைக்கு முகம் தெரியும், தலை தெரியாது. வலப்பக்கம் வலது கையால் ஓரளவு ஒழுங்காக முடிந்துவிடும். இடப்பக்கத்துக்கு அதே வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்துக் கொண்டுபோக வேண்டும். மணிக்கட்டு திரும்பும், கத்தரி படுத்துக்கொள்ளும், வெட்டு குறுக்கே விழும். பல் கத்தரியைக் குறுக்கே பிடித்தால் படிக்கட்டு விழும். சாய்த்துப் பிடிக்க வேண்டும், முடியின் நடுப்பகுதிக்குக் கீழே மட்டும் தொட வேண்டும், ஒரே உயரத்தில் இரண்டு முறை தொடக் கூடாது. இவ்வளவையும் இடக்காதின் மேல், தலைகீழான கையால், பத்து வாட் வெளிச்சத்தில்! ஆகவே இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் குறைந்துவிடும். சமன் செய்ய மறுபடி வலப்பக்கம் வருவீர்கள். பிறகு இடப்பக்கம். கிருதா இரண்டும் மாறி மாறி ஏறிக்கொண்டே போகும். இந்தப் போட்டியில் இரண்டு காதுகளும் வெற்றி பெறும்.

எங்கே குறைக்க வேண்டும் என்பதைவிட எங்கே தொடக் கூடாது என்பது எளிய பட்டியல். நெற்றியோர முடி, வகிடு, உச்சந்தலைச் சுழி. சுழியில் முடி வட்டமாக முளைக்கிறது. நீளமாக இருக்கும்வரைதான் தன் எடையால் படிந்திருக்கும். குறைத்த அன்றே எழுந்து நின்று கொடி பிடிக்கும். இரட்டைச் சுழிக்காரர்களுக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். வீட்டில் முடி குறைத்துக்கொண்ட இரட்டைச் சுழிக்காரருக்கு முதல் கல்யாணமே தள்ளிப்போக வாய்ப்பிருக்கிறது. நீங்கள் இந்த மூன்றையும் முதலில் தொடுவீர்கள், ஏனென்றால் கண்ணாடியில் நன்றாகத் தெரிவது இவை மூன்றும்தான். சுழி தெரியவில்லை என்றால் குனிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வேர். அடர்த்தி எங்கிருந்து வருகிறது? வேரிலிருந்து. அப்படியானால் வேருக்குப் பக்கத்தில் வெட்டுவதுதானே முறை? இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. விளைவில்தான் இருக்கிறது. வேரை ஒட்டி அறுத்த முடிகள் அறுவடை முடிந்த வயலின் அரிதாளைப்போல் விறைத்து நின்று, மேலே கிடக்கும் நீள முடியைத் தாங்கித் தூக்கும். குறைப்பதற்காக வெட்டியவர் தலை முன்னைவிடப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். அதைக் குறைக்க இன்னும் வெட்டுவார். நான் கேள்விப்பட்ட அத்தனை வீட்டுச் சவரக் கதைகளும் இந்தத் திருப்பத்தில்தான் வேகம் பிடிக்கின்றன.

பெண்களுக்கு வேறு வழி இருக்கிறது. முடி முழுவதையும் முன்னால் வாரி, நெற்றிக்கு நேர் மேலே குடுமியாகக் கட்டி, அதன் நுனியை ஒரே வெட்டாக வெட்டினால் லேயர் கட் வந்துவிடும் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். வந்தும் விடுகிறது. நெற்றிக்கு அருகில் இருந்த முடி அதிகமாகவும் பிடரி முடி குறைவாகவும் வெட்டுப்படும், அது வடிவவியல். ஆனால் காணொளியில் வரும் பெண்ணுக்கு மெல்லிய, நேரான முடி. நம் வீட்டில் அக்காக்களுக்கு இருப்பது எண்ணெய் வைத்து வளர்த்த, கையில் பிடித்தால் கயிறாகக் கனக்கும் முடி. ஒரே வெட்டில் அது அறாது. அறுத்து அறுத்து எடுக்க வேண்டும், அதற்குள் குடுமி சாய்ந்துவிடும். பின்னிப் பார்த்தால் பின்னலின் மூன்று கால்களும் மூன்று நீளத்தில் இருக்கும், சடை நெடுக முனைகள் வெளியே எட்டிப் பார்க்கும். கிளிப் வாங்கிக்கொள்ளலாம். நிறைய.

பிடரிக்கு வருவோம். அங்கே கண் எட்டாது. பின்னால் இன்னொரு கண்ணாடியைப் பிடிக்கலாம். ஆனால் ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் சீப்பு, கண்ணாடிக்குக் கை ஏது? இந்த இடத்தில்தான் பலர் மனைவியைக் கூப்பிடுகிறார்கள்.

“ஏங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. பின்னாடி மட்டும் லேசா எடுத்து விடு.”

“எனக்குத் தெரியாதுங்க. காலையில கடைக்குப் போங்களேன்.”

“இது என்ன பெரிய வித்தையா? பிடிச்சு வெட்டு.”

வெட்டுவார். ஒரு கணம் சத்தமே இருக்காது. பிறகு, “நல்லாத்தாங்க இருக்கு” என்று வரும். அந்த ‘தாங்க’வில் எல்லாம் இருக்கிறது. அதற்கு மேல் கேள்வி கேட்காமல் குளித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். குளிக்கும் முன் தரையில் கிடக்கும் முடியைப் பழைய நாளிதழால் அள்ளிவிட வேண்டும். அடைத்துக்கொண்ட குளியலறை வடிகாலைத் திறக்க ஆள் கூப்பிடும் செலவில் ஒரு வருடத்துக்கு முடி வெட்டிக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஒருவர் செய்தால் அசட்டுத்தனம், ஊரே செய்தால் சரித்திரம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது தமிழ்நாட்டில் சலூன் ஷட்டர்கள் இறங்கின. அடுத்த இரண்டு மாதத்தில் தகப்பன்கள் பிள்ளைகளுக்கு வெட்டினார்கள், பிள்ளைகள் தகப்பன்களைப் பழிவாங்கினார்கள். அலுவலகக் காணொளிக் கூட்டங்களில் தொப்பி போட்டவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் சென்னையில் சலூன்கள் திறந்தபோது, வருகிறவர்களின் பெயர், முகவரியோடு ஆதார் விவரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அரசு சொன்னது. முடி வெட்டிக்கொள்ள அடையாள அட்டையோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். சில தலைகளைப் பார்த்தால், அட்டையில் இருக்கும் படமும் ஆளும் ஒன்றுதானா என்று கேட்கத்தான் வேண்டியிருந்தது.

அந்த இரண்டு மாதமும் கடைக்காரர்களின் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அது பகடிக்கு உரிய விஷயம் இல்லை. ‘இது என்ன பெரிய வித்தையா’ என்ற நினைப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதால் சொல்கிறேன். நாவிதர்கள் நம் ஊர்களில் முடி மட்டும் திருத்தியவர்கள் அல்லர். வைத்தியம் பார்த்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். மருத்துவர் என்ற பெயர் அந்தச் சமூகத்துக்குச் சும்மா வரவில்லை. அத்தனை வேலையையும் வாங்கிக்கொண்டு, அறுவடைக் களத்தில் நெல்லை அளந்து போட்டுவிட்டு, திண்ணைக்குக் கீழேயே நிறுத்திவைத்திருந்தது ஊர். ஏறி உட்கார விடாத கையின் வேலையை யாரும் படிப்பாக மதிக்கவில்லை. இன்று சுழல் நாற்காலியும் குளிர்சாதனமும் வந்துவிட்டன. ஆனாலும் சின்ன வயதிலிருந்து கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நமக்கே அந்த வேலை தெரியும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. பல் டாக்டரையும் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வீட்டில் யாரும் குறடு எடுப்பதில்லை.

கடையில் நடப்பதை ஒருமுறை கைப்பேசியை வைத்துவிட்டுக் கவனித்துப் பாருங்கள். அவர் முதலில் கத்தரியை எடுப்பதில்லை. விரல்களை முடிக்குள் விட்டு அளைகிறார். எங்கே கனம், எந்தப் பக்கம் சாய்கிறது, சுழி எங்கே என்பதையெல்லாம் விரல் பார்த்துக்கொள்கிறது. பிறகு மூடும் நாலைந்து மூடலும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு சாய்வில். கத்தரி முடியைத் தொடாமல் காற்றில் கிரிச் கிரிச்சென்று அடித்துக்கொண்டிருப்பது நேரம் கடத்துவதற்கல்ல; கை தாளம் விடாமல் இருக்க. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுகிறார். நாம் காசு கொடுப்பது அந்த நிறுத்தத்துக்குத்தான்.

உங்கள் விஷயத்தில் நிறுத்தம் வருவதற்கு முன் விடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை காலை முதல் ஆளாகக் கடைக்குப் போவீர்கள். அண்ணன் துணியைக் கழுத்தில் கட்டுவார், தலையை இப்படியும் அப்படியும் திருப்புவார். “யாரு சார் வெட்டுனது?” என்று கேட்பார். அவருக்குப் பதில் தெரியும். தூங்கும்போது பையன் விளையாட்டாகக் கத்தரி வைத்துவிட்டான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பையன் இல்லாதவர்களும் சொல்கிறார்கள். அவர் தலையாட்டிக்கொள்வார். வேறு கடையில் வெட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கடை என்று கேட்பார், அந்தத் தெருவில் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெடும்.

அவரால் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, வளரும்வரை காத்திருக்கச் சொல்வது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். மூன்று சென்டிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் ஏறத்தாழ மூன்று மாதம். நடுவில் இரண்டாம் மாதம் என்று ஒன்று உண்டு. அறுந்த முடிகளெல்லாம் பாதி வளர்ந்து, மற்ற முடிகளை ஊடுருவி முள்ளாக வெளியே வரும் மாதம் அது. கல்யாணம், நேர்காணல், பாஸ்போர்ட் படம் எதையும் அந்த மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வழி, மெஷினை எடுத்துப் பள்ளத்தின் உயரத்துக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடுவது. “மிலிட்டரி அடிச்சிரலாமா சார்?” என்று அவர் மெதுவாகக் கேட்பது இதைத்தான். சரி என்று சொல்லிவிடுங்கள்.

வேருக்கு அருகிலேயே பள்ளம் விழுந்துவிட்டது, மெஷினாலும் ஆகாது என்றால் பழனிக்கோ திருத்தணிக்கோ சமயபுரத்துக்கோ பஸ் ஏறலாம். வேண்டுதல் என்று சொன்னால் அலுவலகத்தில் விடுப்பும் கிடைக்கும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் 2021 செப்டம்பரிலிருந்து மொட்டைக்குக் கட்டணம் கிடையாது.